நிறுவனக் கட்டமைப்பு: கேட்டலாக், மேட்ரிக்ஸ், டயகிராம் – வாசகர் கேள்விகளும் பதில்களும்

என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர், அதாவது ஒரு நிறுவனத்தின் வேலைகளும் தகவலும் மென்பொருளும் சர்வர்களும் எப்படி இணைகின்றன என்பதைத் திட்டமிடும் துறை பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கின்றன: என்னென்ன ஆவணங்கள் தயாரிக்க வேண்டும், எதற்காக, எந்த வரிசையில்? அவற்றை மட்டும் சேர்த்து இந்த இதழில் பதில் தருகிறோம். இங்கே அடிக்கடி வரும் டோகாஃப் என்பது இந்த வேலைக்காக தி ஓபன் குரூப் என்ற அமைப்பு வெளியிடும் வழிமுறை.

கேள்வி: பல ஆண்டுகள் மென்பொருள் எழுதிவிட்டு இப்போது ஆர்க்கிடெக்சர் குழுவுக்கு மாறியிருக்கிறேன். டோகாஃப் படிக்கும்போது டெலிவரபிள், ஆர்ட்டிஃபாக்ட், பில்டிங் பிளாக் மூன்றும் ஒன்றுபோலவே தெரிகின்றன. வீட்டுப் புழக்கத்தில் உள்ள உதாரணத்தோடு விளக்க முடியுமா?
– வாசகி, சென்னை

கல்யாணச் சமையல் காண்டிராக்டை எடுத்துக்கொள்வோம்.

பெண் வீட்டார் காண்டிராக்டரிடம் பேசி முடிக்கிறார்கள். முகூர்த்தச் சாப்பாடு 400 இலை, முந்தின நாள் மாலை டிபன் 150 பேருக்கு, மெனு இன்னது, இலைக்கு இவ்வளவு, அட்வான்ஸ் இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் ஒப்புக்கொள்கிறார்கள். இந்தத் தாள்தான் டெலிவரபிள். படித்துப் பார்த்து, சம்மதம் சொல்லி, கையெழுத்தாகிக் கைமாறுவது எதுவோ அது டெலிவரபிள். பந்தியில் வடை வரவில்லை என்று பேச்சு எழுந்தால் எடுத்துக் காட்டுவது இதைத்தான். டோகாஃபில் ஆர்க்கிடெக்சர் விஷன், ஆர்க்கிடெக்சர் டெஃபினிஷன் டாக்குமென்ட், ஆர்க்கிடெக்சர் ரோட்மேப் ஆகியவை இந்த வகை.

காண்டிராக்டர் கையில் வேறு தாள்களும் இருக்கும். மளிகைக் கடைக்குக் கொடுக்கும் சாமான் லிஸ்ட் ஒன்று. எந்தப் பதார்த்தம் எந்த அடுப்பில், யார் பொறுப்பில் என்று கட்டம் போட்ட தாள் ஒன்று. மண்டபத்துச் சமையற்கட்டில் அடுப்பு எங்கே, காய் நறுக்குமிடம் எங்கே, பந்திக்குப் போகும் வாசல் எது என்ற கோட்டுப்படம் ஒன்று. இவை ஆர்ட்டிஃபாக்ட். லிஸ்ட் என்பது கேட்டலாக், கட்டம் என்பது மேட்ரிக்ஸ், கோட்டுப்படம் என்பது டயகிராம். ஆர்ட்டிஃபாக்ட் எல்லாமே இந்த மூன்று உருவங்களில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒரே ஆர்ட்டிஃபாக்ட் இரண்டு மூன்று டெலிவரபிள்களில் இடம்பெறலாம், அதில் தவறில்லை.

பில்டிங் பிளாக் என்பது தாள் அல்ல. அந்தத் தாள்கள் எதைப் பற்றிப் பேசுகின்றனவோ, அந்தச் சாம்பார், ரசம், பாயசம், அடுப்பு, அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள். முகூர்த்தத்துக்கு வைத்த ரசத்தின் செய்முறையும் ஆளும் அடுப்பும் இராத்திரி ரிசப்ஷனுக்கும் அப்படியே பயன்படும். இப்படி மறுபடி எடுத்தாளக்கூடிய பகுதிகளாக நிறுவனத்தைப் பிரித்துப் பார்ப்பதற்குத்தான் பில்டிங் பிளாக் என்ற ஏற்பாடே.

மூன்றையும் ஏன் பிரித்தே வைத்திருக்க வேண்டும்? கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது 400 இலை 500 ஆகிறது என்று வையுங்கள். ஒப்பந்தத் தாளில் திருத்துகிறார்கள். மளிகை லிஸ்ட்டில் திருத்துகிறார்கள். அடுப்புக் கட்டத்தில் திருத்த மறந்துவிடுகிறார்கள். சாமான் வந்துவிடும், அண்டா போதாது. ஒவ்வொரு தாளையும் தனித்தனியாக எழுதியதால் வந்த வினை. ‘சாம்பார், 400 பேருக்கு’ என்பது ஓரிடத்தில் மட்டும் பதிவாகி, லிஸ்ட்டும் கட்டமும் அதிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். அலுவலகத்திலும் இதுதான் நடக்கிறது. ஒரு செயலியின் (அப்ளிகேஷன்) பெயர் ஐந்து பவர்பாயின்ட் கோப்புகளில் ஐந்து விதமாக இருக்கும், எது சரி என்று யாருக்கும் தெரியாது. பில்டிங் பிளாக் ஒருமுறை பதிவாக வேண்டும், ஆர்ட்டிஃபாக்ட் அதிலிருந்து பிறக்க வேண்டும், டெலிவரபிள் அவற்றைத் தொகுத்துக் கையெழுத்துக்குப் போக வேண்டும். இவற்றை வகுத்துத் தரும் டோகாஃபின் கன்டென்ட் ஃபிரேம்வொர்க்கின் உயிர் இந்த வரிசையில் இருக்கிறது.

கேள்வி: எங்களுடையது பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். சிறிதும் பெரிதுமாக 30 மென்பொருள் வரை ஓடுகின்றன. டோகாஃப் சொல்லும் அத்தனை ஆர்ட்டிஃபாக்டும் போட வேண்டுமா? எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், திருப்பூர்

அத்தனையும் வேண்டாம். கேட்கப்படும் கேள்விக்குப் பதில் தராத ஆர்ட்டிஃபாக்ட் வீண் உழைப்பு. உங்களுக்கு நான்கு போதும்: செயலிகளின் கேட்டலாக், தொழிற்பணிகளின் கேட்டலாக், இரண்டையும் இணைக்கும் மேட்ரிக்ஸ், செயலிகளுக்கிடையே தகவல் போகும் வழிகளுக்கான இன்டர்ஃபேஸ் கேட்டலாக். படம் கடைசியில்.

செயலிப் பட்டியலை ஐடி ஆட்களிடம் கேட்டு எழுதத் தொடங்காதீர்கள். முதலில் கணக்குப் பிரிவுக்குப் போங்கள். கடந்த இரண்டு நிதியாண்டுகளில் லைசென்ஸ் புதுப்பிப்பு, ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்), கிளவுட் சந்தா, எஸ்எம்எஸ் பேக் என்று பணம் போன பில்களை எடுத்தால், ஐடி பிரிவுக்கே தெரியாத செயலிகள் வெளியே வரும். பிறகு ஒவ்வொரு பிரிவிலும் ‘இது இல்லாவிட்டால் நாளைக்கு வேலை நின்றுவிடும் என்கிற எக்செல் ஃபைல் எது?’ என்று கேளுங்கள். மெர்ச்சண்டைசர் மேசையில் ஆர்டர் நிலவரம் முழுவதும் ஒரே எக்செலில் இருப்பது சாதாரணம். அதுவும் பட்டியலில் ஒரு வரி.

ஒரு செயலிக்கு ஒரு வரி. வரியில் இருக்க வேண்டியவை: மாறாத ஓர் அடையாள எண், பெயர், ஒரே வாக்கியத்தில் பயன், தொழில் தரப்பு உரிமையாளர், தொழில்நுட்பப் பொறுப்பாளர், விற்பனையாளர், பதிப்பு, எந்த சர்வரில் அல்லது எந்த கிளவுடில், ஆதரவு முடியும் தேதி, கடைசியாகச் சரிபார்த்த தேதி. இந்தப் பத்துக்கு மேல் ஆரம்பத்தில் சேர்க்காதீர்கள். இருபது பத்தி போட்டால் பாதி காலியாக நிற்கும், காலிக் கட்டம் நிறைந்த பட்டியலை யாரும் நம்ப மாட்டார்கள். உரிமையாளர் என்ற இடத்தில் ‘ஐடி டிபார்ட்மென்ட்’ என்று எழுதியிருந்தால் அதைக் காலி என்றே எண்ணுங்கள். சம்பள மென்பொருளின் உரிமையாளர் மனிதவள மேலாளர், ஐடி அல்ல.

எது ஒரு செயலி, எது அதன் உள்ளே ஒரு மாட்யூல் என்ற சந்தேகம் இரண்டாம் நாளே வரும். தனியாக வாங்க, தனியாக மாற்ற, தனியாக நிறுத்த முடிந்தால் அது தனி வரி. முடியாவிட்டால் மாட்யூல். இந்த அளவுகோலை முதலிலேயே எழுதி ஒட்டாவிட்டால் ஒருவர் ஈஆர்பியை (பல பிரிவுகளின் வேலையையும் ஒன்றாகச் செய்யும் மென்பொருள்) ஒரு வரியாகவும் இன்னொருவர் பன்னிரண்டு வரியாகவும் பதிவார்கள்.

அடுத்து தொழிற்பணிகள். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்: ஆர்கனைசேஷன் சார்ட்டை அப்படியே நகலெடுத்துவிடுகிறார்கள். ‘பேக்கிங் பிரிவு’ என்பது தொழிற்பணி அல்ல, ‘அட்டைப்பெட்டி வாரியாகச் சரக்கைப் பிரித்துப் பதிதல்’ என்பதே தொழிற்பணி. பிரிவுகள் ஆண்டுக்கொருமுறை மாறும். நூல் வாங்குதல், நிட்டிங்குக்கு அனுப்புதல், சாயத்துக்கு அனுப்புதல், கட்டிங், தையல், செக்கிங், ஏற்றுமதி ஆவணம் தயாரித்தல் ஆகியவை மாறா. உங்கள் அளவுக்கு 25 தொழிற்பணி இருந்தால் ஏராளம்.

30 செயலி, 25 தொழிற்பணி என்றால் மேட்ரிக்ஸில் 750 கட்டம். பெரும்பாலானவை காலியாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். வெறும் டிக் போடாமல், அந்தப் பணிக்கு அதுதான் முதன்மைச் செயலி என்றால் ‘மு’, துணைக்கு என்றால் ‘து’ என்று எழுதுங்கள். பிறகு படியுங்கள். செயலியின் வரிசை முழுக்கக் காலி என்றால், பணம் கட்டுகிறீர்கள், பயன் இல்லை. ஒரு தொழிற்பணிக்கு மூன்று ‘மு’ என்றால் ஒரே வேலைக்கு மூன்று மென்பொருள், எந்த எண் சரி என்ற சண்டை அங்கே நிச்சயம் நடந்துகொண்டிருக்கும். தொழிற்பணிக்கு எந்த எழுத்தும் இல்லை என்றால் அந்த வேலை நோட்டுப் புத்தகத்திலோ ஒருவர் நினைவிலோ ஓடுகிறது, அவர் விடுப்பு எடுத்தால் நின்றுவிடும். எந்தப் படமும் இந்த மூன்றையும் இவ்வளவு வேகமாகக் காட்டாது.

இன்டர்ஃபேஸ் கேட்டலாக்கில் அனுப்பும் செயலி, பெறும் செயலி, என்ன தகவல், எத்தனை முறை, தானாகவா கையாலா என்ற ஐந்தும் போதும். 30 செயலிகளுக்கிடையே திசையோடு எண்ணினால் 870 இணைப்பு சாத்தியம், உண்மையில் இருப்பது அதில் ஒரு சிறு பகுதிதான். அதனால் இதற்கு மேட்ரிக்ஸ் வேண்டாம், பட்டியலே வசதி. ‘கையால்’ என்று எழுதிய வரிகளை மட்டும் தனியே வடிகட்டிப் பாருங்கள். ஒரு செயலியிலிருந்து இறக்கி, இன்னொன்றில் தட்டச்சு செய்யும் இடங்கள் அவை. ஷிப்பிங் பில்லில் எடை தவறுவது, ஸ்டைல் எண்ணில் ஓரெழுத்து மாறுவது எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

கேள்வி: மெட்டாமாடல் என்ற பகுதி எவ்வளவு படித்தும் தலையில் ஏறவில்லை. பட்டியல் போட மெட்டாமாடல் எதற்கு?
– வாசகர், பெங்களூரு

எந்தெந்த வகைப் பொருளைப் பதிவு செய்யலாம், எந்த வகை எந்த வகையோடு எப்படி இணையலாம் என்ற விதியே மெட்டாமாடல். தொழிற்பணி, தொழிற்சேவை, தகவல் பொருள், செயலி, தொழில்நுட்பக் கூறு, ஆள் வகிக்கும் பாத்திரம் ஆகியவை வகைகள். செயலி தொழிற்சேவையை நடத்தித் தருகிறது, தொழில்நுட்பக் கூறின் மேல் செயலி ஓடுகிறது என்பன இணைப்புகள்.

பயனை ஒரு நேரடி நிகழ்வில் பாருங்கள். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2023 அக்டோபர் 10-இல் முடிந்தது. அதற்குப் பின் பாதுகாப்புத் திருத்தம் வேண்டுமானால் தனியே பணம் கட்ட வேண்டும். நிர்வாகம் கேட்கும் கேள்வி: ‘இதை மாற்றாவிட்டால் நமக்கு என்ன ஆகும்?’ ஐடி மேலாளர் ‘ஆறு சர்வர்கள் அதில் உள்ளன’ என்கிறார். அது பதிலே இல்லை. பட்டியல்கள் மெட்டாமாடல்படி இணைந்திருந்தால் இப்படிப் போகலாம்: இந்தத் தொழில்நுட்பக் கூறின் மேல் சாய லாட் (ஒரே தடவையில் சாயமேற்றிய துணித் தொகுதி) பதிவு மென்பொருள் ஓடுகிறது, அது சாயத்துக்கு அனுப்பிய துணியைப் பின்தொடரும் பணிக்கு முதன்மைச் செயலி, அந்தப் பணி நின்றால் எந்த ஆர்டருக்கு எந்த லாட் வந்தது என்று தெரியாமல் கட்டிங் நிற்கும். மூன்றே தாவலில் சர்வர் பதிப்பிலிருந்து தையல் மேசைக்கு வந்துவிட்டோம். இப்படிச் சொன்னால் நிர்வாகம் பணம் ஒதுக்கும்.

விதி இல்லாமல் பட்டியல் போட்டால், ஒருவர் சர்வரை நேராகத் தொழிற்பணியோடு இணைப்பார், இன்னொருவர் செயலி வழியாக இணைப்பார். தாவல் பாதி வழியில் அறுந்துவிடும். டோகாஃபின் 9-ஆம் பதிப்பு மெட்டாமாடலை மையப் பகுதி என்றும் அதன்மேல் தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்ளும் ஆறு விரிவுகள் என்றும் பிரித்தது: ஆளுகை, சேவை, செயல்முறை, தரவு, உள்கட்டமைப்பு ஒருங்கிணைப்பு, நோக்கம். மையத்தோடு தொடங்குங்கள். சர்வர் இடமாற்றத் திட்டம் வந்தால் உள்கட்டமைப்பு விரிவைச் சேருங்கள். எல்லாவற்றையும் முதல் நாளே திறந்துவைத்த இடங்களில் தரவு நிரப்பும் வேலையே ஆண்டு முழுவதும் இழுத்துக்கொண்டு போகும்.

கேள்வி: ஏபிபி, எஸ்பிபி என்று பில்டிங் பிளாக்கில் இரண்டு வகை ஏன்? ஒன்று போதாதா?
– வாசகி, மதுரை

போதாது. அதே சமையலுக்கு வாருங்கள். ‘வெங்காயம், பூண்டு சேராத குழம்பு ஒன்று, 400 பேருக்கு, காலை 11 மணிக்குள் தயாராக வேண்டும்’ என்பது ஆர்க்கிடெக்சர் பில்டிங் பிளாக் (ஏபிபி). ‘முருங்கைக்காய்ச் சாம்பார், இந்த மாஸ்டர், இரண்டு அண்டா, மூன்றாம் அடுப்பு’ என்பது சொல்யூஷன் பில்டிங் பிளாக் (எஸ்பிபி). முதலாவது என்ன வேண்டும் என்கிறது. இரண்டாவது எதைக் கொண்டு நிறைவேற்றுகிறோம் என்கிறது. முருங்கைக்காய் விலை ஏறினால் கத்தரிக்காய்க்கு மாறலாம். ஏபிபி மாறாது, எஸ்பிபி மட்டும் மாறும்.

மென்பொருள் டெண்டரில் இந்தப் பிரிவினை தவறிப்போவது அடிக்கடி நடக்கிறது. ஒரு குறிப்பிட்ட தயாரிப்பின் விவரப் புத்தகத்தைப் பார்த்துத் தேவையை எழுதிவிடுவார்கள். தேவை என்று எழுதியிருப்பது உண்மையில் அந்தத் தயாரிப்பின் அம்சப் பட்டியல். வேறு எதுவும் அதில் தேறாது, பின்னால் அந்தத் தயாரிப்பை மாற்றவும் முடியாது. எழுதிய வாக்கியம் ஏபிபியா என்று சோதிக்க எளிய வழி உண்டு: அதில் விற்பனையாளர் பெயர், பதிப்பு எண், திரையின் பெயர் எதுவும் இருக்கக்கூடாது, ஆனால் அளவிடக்கூடிய எண் ஒன்றாவது இருக்க வேண்டும். ‘வேகமாக இயங்க வேண்டும்’ என்பது தேவை அல்ல. ‘மாதக் கடைசி நாளில் 200 பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போதும் பதிவு 3 நொடிக்குள் முடிய வேண்டும்’ என்பது தேவை.

கேள்வி: பழைய மென்பொருள்களை எடுத்துவிட்டு ஈஆர்பிக்கு மாறப்போகிறோம். கேப் அனாலிசிஸ் என்று ஒரு கட்டம் போடச் சொல்கிறார்கள். சரியாக எப்படிப் போடுவது?
– வாசகர், கரூர்

கேப் அனாலிசிஸ் என்பது பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு விடுபட்டதைக் கண்டுபிடிப்பது. இப்போது இருப்பவற்றை இடப்பக்கம் கீழ்நோக்கி எழுதுங்கள். இனி வரப்போவதை மேலே குறுக்காக எழுதுங்கள். மேல் வரிசையின் கடைசியில் ‘நீக்கப்பட்டது’ என்று ஒரு பத்தியும், இடப்பக்கத்தின் அடியில் ‘புதியது’ என்று ஒரு வரியும் சேருங்கள். பழையது புதியதில் தொடர்ந்தால் சந்திக்கும் கட்டத்தில் ‘சேர்ந்தது’ என்று குறியுங்கள். பகுதி மட்டும் என்றால் எது மீதம் என்பதையும் அங்கேயே எழுதுங்கள்.

இந்தக் கட்டத்தின் அருமை ‘நீக்கப்பட்டது’ பத்தியில் இருக்கிறது. எந்தப் புதிய பகுதியோடும் சேராத பழைய பகுதி ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு விளக்கம் எழுதியாக வேண்டும்: தெரிந்தே விட்டதா, கவனிக்காமல் விட்டதா? ஜவுளி, பின்னலாடைத் தொழிலில் இப்படிப் பிடிபடும் விஷயம் பெரும்பாலும் ஜாப் ஒர்க் கணக்கு, அதாவது வெளி யூனிட்டில் கூலிக்குச் செய்து வாங்கும் வேலையின் கணக்கு. புதிய ஈஆர்பியில் ஆர்டர், இருப்பு, சம்பளம், நிதி என்று மேல் வரிசை அழகாக இருக்கும். பழைய பட்டியலில் ‘வெளி யூனிட்டுக்கு டெலிவரி சலான் (டிசி) போட்டு அனுப்பிய சரக்கு திரும்பியதா’ என்ற வரி எதோடும் சேராமல் நிற்கும். ஜிஎஸ்டி சட்டப்படி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கொள்ளப்படும், ஐடிசி-04 படிவமும் தர வேண்டும். அந்த வரி கட்டத்தில் இல்லாமல் போனால் மென்பொருள் ஓடத் தொடங்கிய பிறகு வரிக் கணக்கில்தான் தெரியவரும். காகிதத்தில் கண்டுபிடிப்பதுதான் மலிவு.

கவனம் ஒன்று: கட்டத்தில் எழுதுவது மென்பொருள் பெயர்களாக இருந்தால் பயன் இல்லை. ‘பழைய ஸ்டோர்ஸ் சாஃப்ட்வேர்’ என்ற வரி ‘ஈஆர்பி இருப்பு மாட்யூலோடு’ சுலபமாகச் சேர்ந்துவிடும், உள்ளே விடுபட்டது தெரியாது. வேலைகளாக உடைத்து எழுதுங்கள்.

கேள்வி: ஜாக்மன் ஃபிரேம்வொர்க், டோகாஃப் இரண்டில் எதை எடுப்பது?
– வாசகர், கொழும்பு

இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஜான் ஜாக்மன் 1987-இல் ஐபிஎம் சிஸ்டம்ஸ் ஜர்னலில் எழுதிய கட்டுரையில் ஒரு கட்ட அட்டவணையின் தரவு, செயல், வலையமைப்பு என்ற மூன்று நெடும்பத்திகளைத்தான் விளக்கினார். 1992-இல் ஜான் சோவாவோடு சேர்ந்து அதை ஆறாக விரித்தார்: எது, எப்படி, எங்கே, யார், எப்போது, ஏன். குறுக்கே நிர்வாகியிலிருந்து செய்து முடிப்பவர் வரை ஒவ்வொருவர் பார்வைக்கும் ஒரு வரிசை. இது வகைப்பாடு. எதை முதலில் செய்வது, யார் கையெழுத்துப் போடுவது என்று அது சொல்லாது.

டோகாஃப் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டாஃபிம் என்ற கட்டமைப்பை அடிப்படையாகக் கொண்டு 1995-இல் வந்தது. அதில் வேலை செய்யும் முறை பல கட்டங்களாக உண்டு. கன்டென்ட் ஃபிரேம்வொர்க் 2009-இல் 9-ஆம் பதிப்போடு சேர்ந்தது, எந்தக் கட்டத்தில் எந்த ஆவணம் பிறக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. வேலைக்கு டோகாஃபை எடுங்கள். பட்டியல்கள் தயாரான பிறகு ஜாக்மனின் ஆறு கேள்விகளை வைத்துச் சரிபாருங்கள். பெரும்பாலான நிறுவனங்களில் ‘எது’, ‘எப்படி’ இரண்டும் நிரம்பியிருக்கும். ‘எப்போது’, ‘ஏன்’ இரண்டும் வெறுமையாக இருக்கும். மாதக் கடைசிச் சுமை, ஆண்டுக் கணக்கு முடிப்பு, பையரின் கெடு தேதி எதுவும் எந்தப் பட்டியலிலும் இல்லை என்பது அப்போதுதான் உறைக்கும். ஜாக்மன் அட்டவணையின் எல்லாக் கட்டத்தையும் நிரப்பியே தீர வேண்டும் என்று உட்காராதீர்கள்.

இந்திய அரசுத் துறைகளோடு வேலை என்றால் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட இண்ட்-ஈஏ (IndEA, இந்தியா என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்) கட்டமைப்பையும் படித்துவிடுங்கள்.

கேள்வி: ஆர்க்கிமேட் கற்றுக்கொள்வது அவசியமா? எக்செல் போதாதா?
– வாசகி, கோயம்புத்தூர்

முதல் ஆண்டுக்கு எக்செல் போதும், ஒரு நிபந்தனையோடு: ஒவ்வொரு பொருளுக்கும் அடையாள எண், இணைப்புகளுக்குத் தனித் தாள். செயலியின் பெயரை எல்லாத் தாளிலும் திரும்பத் தட்டச்சு செய்தால் மூன்றாம் மாதத்தில் ‘பேரோல்’, ‘பே ரோல்’, ‘சம்பள சாஃப்ட்வேர்’ என்று மூன்று செயலிகள் உருவாகிவிடும்.

ஆர்க்கிமேட் படம் வரையும் மொழி. நெதர்லாந்தில் 2002-இல் தொடங்கிய ஆராய்ச்சித் திட்டத்தில் பிறந்து, 2009-இல் தி ஓபன் குரூப்பின் தரமானது. அம்புக்குறி ஒவ்வொன்றுக்கும் நிலையான பொருள் இருப்பதுதான் அதன் பலம். ஒருவர் வரைந்ததை இன்னொருவர் தவறாகப் படிக்க மாட்டார். மஞ்சள் தொழில், நீலம் செயலி, பச்சை தொழில்நுட்பம் என்ற நிறங்கள் வழக்கத்தில் வந்தவை, கட்டாயம் அல்ல. ஆர்க்கி என்ற இலவச மென்பொருளில் வரைந்து பழகலாம். அதில் ஒரு செயலியின் பெயரை மாற்றினால் அது இடம்பெற்ற எல்லாப் படத்திலும் மாறும். இந்த ஒன்றுக்காகவே பவர்பாயின்ட்டை விட்டு அதற்கு மாறலாம்.

கேள்வி: ஆலோசகர் குழு வந்து அழகான ஆவணங்கள் போட்டுக்கொடுத்துப் போனது. ஆறு மாதத்தில் எல்லாம் காலாவதி. எப்படித் தடுப்பது?
– வாசகர், சிங்கப்பூர்

ஆவணத்தைப் புதுப்பிப்பதைத் தனி வேலையாக வைத்தால் யாரும் செய்ய மாட்டார்கள். எப்படியும் நடந்தே தீரும் வேலையோடு அதைக் கட்டிவிட வேண்டும். அப்படிப்பட்ட இடம் மூன்று. புதிய மென்பொருள் வாங்கும் விண்ணப்பம்: கேட்டலாக்கில் அடையாள எண் இல்லாமல் பர்ச்சேஸ் ஆர்டர் போகக்கூடாது. சர்வர் மாற்ற அனுமதி: எந்தச் செயலி பாதிக்கப்படும் என்ற இடத்தில் கேட்டலாக் எண்ணையே எழுத வேண்டும். லைசென்ஸ் புதுப்பிப்பு: தொழில் உரிமையாளர் ‘இன்னும் வேண்டும்’ என்று ஒப்பமிட்ட பிறகே பணம். இந்த மூன்றும் நடந்தால் பட்டியலில் பெரும்பகுதி தானாகவே புதிதாக இருக்கும்.

மீதிக்கு, ‘கடைசியாகச் சரிபார்த்த தேதி’ என்ற பத்தி. ஓராண்டு தாண்டிய வரிகளை மட்டும் வடிகட்டி உரிமையாளருக்கு அனுப்புங்கள். முழுப் பட்டியலையும் அனுப்பினால் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அவர்களுடைய நான்கு வரியை அனுப்பினால் பதில் வரும்.

கையெழுத்தான டெலிவரபிளைத் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். அது அந்தத் தேதியில் ஒப்புக்கொண்டதன் பதிவு, அப்படியே உறைந்திருக்க வேண்டும். உயிரோடு இருக்க வேண்டியது அடியிலுள்ள கேட்டலாக்கும் இணைப்புகளும்தான். உங்கள் ஆலோசகர்கள் கொடுத்தது டெலிவரபிள் மட்டும் என்று தெரிகிறது. அடுத்த ஒப்பந்தத்தில் மூலத் தரவையும், அதாவது பட்டியல்களை வரி வாரியாகவும் படங்களைத் திருத்தக்கூடிய கோப்பாகவும், ஒப்படைக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பிடிஎஃப் மட்டும் வாங்கினால் அடுத்த முறை ஆரம்பத்திலிருந்து பணம் கொடுக்க வேண்டிவரும்.

கேள்வி: டோகாஃப் தேர்வுக்கு எந்தப் பதிப்பைப் படிப்பது? கன்டென்ட் ஃபிரேம்வொர்க்கிலிருந்து கேட்பார்களா?
– வாசகி, திருச்சி

2022 ஏப்ரலில் வெளியான 10-ஆம் பதிப்பைப் படியுங்கள். அதன் அடிப்படைப் பகுதி ஆறு ஆவணங்களாகப் பிரிந்திருக்கிறது, நீங்கள் கேட்கும் விஷயம் ஆர்க்கிடெக்சர் கன்டென்ட் என்ற ஆவணத்தில் உள்ளது. ஃபவுண்டேஷன் தேர்வில் 60 நிமிடத்தில் 40 கேள்வி, 24 சரியானால் தேர்ச்சி. புத்தகம் பார்க்க முடியாது. அதனால் டெலிவரபிள், ஆர்ட்டிஃபாக்ட், பில்டிங் பிளாக் வரையறைகளும் கேட்டலாக், மேட்ரிக்ஸ், டயகிராம் வேறுபாடும் மனத்தில் நிற்க வேண்டும். பிராக்டிஷனர் தேர்வில் 90 நிமிடத்தில் 8 சூழல் கேள்விகள், புத்தகம் பார்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகளில் சிறந்ததற்கு 5, அடுத்ததற்கு 3, அதற்கடுத்ததற்கு 1 மதிப்பெண், பொருந்தாததற்குச் சுழி. சூழலை வாசித்ததும் டோகாஃப் முறையில் இது எந்தக் கட்டம், இங்கே யார் கையெழுத்து வேண்டும் என்ற இரண்டையும் முதலில் குறித்துக்கொண்டு விடைகளுக்குப் போங்கள்.